இசை இதழின் டபுள் ஸ்ப்ரெட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இசை இதழ் ஒன்றுக்குச் சில வருடங்கள் பக்கம் வடிவமைத்திருக்கிறேன். இப்போது ஊடகப் பாடத்துக்காகவும் கல்லூரி இதழுக்காகவும் ஸ்ப்ரெட் செய்கிறவர்கள் பக்கங்களைக் கொண்டுவந்து காட்டுகிறார்கள். ஆள்தான் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. அதனால் இங்கே சேர்த்துவைத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். குழப்பம் வராமல் இருக்க ஒன்று: 'பத்தி' என்று நான் சொல்வது பக்கத்தில் மேலிருந்து கீழே ஓடும் எழுத்துப் பட்டையை, ஆங்கிலத்தில் column என்பதை. வாக்கியங்கள் சேர்ந்ததை 'பாரா' என்கிறேன்.

ஸ்ப்ரெட்னா என்ன? பக்கத்துப் பக்கத்துல ரெண்டு பக்கம் இருந்தா அது ஸ்ப்ரெட்டா?

இதழை விரித்ததும் ஒரே நேரத்தில் கண்ணில் படும் இடது, வலது பக்கங்கள் சேர்ந்ததுதான் ஸ்ப்ரெட். இடது பக்கத்துக்கு இரட்டைப்படை எண், வலது பக்கத்துக்கு ஒற்றைப்படை எண். ஏ4 இதழ் என்றால் ஒரு பக்கம் 210 மி.மீ. அகலம், 297 மி.மீ. உயரம். ஸ்ப்ரெட் 420க்கு 297. இந்த அகலமான சட்டம் முழுவதையும் ஒரே படமாக நினைத்து வடிவமைக்க வேண்டும். தனித்தனியாக இரண்டு பக்கம் செய்து ஒட்டவைத்தால், ஒட்டவைத்த மாதிரியே தெரியும்.

முதல்முறை செய்கிறவர்கள் பலர் கோப்பின் 1, 2 ஆகிய பக்கங்களில் வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். அவை ஒரே தாளின் முன்பக்கமும் பின்பக்கமும். எதிரெதிரே வரவே வராது. 2, 3 என்று தொடங்குங்கள்.

ஒரு ஃபீச்சர் ஸ்ப்ரெட்டில் கட்டாயம் என்னென்ன இருக்கணும்?

தலைப்பு, லீட் (கட்டுரைக்கு முன் வரும் சின்ன அறிமுகம்), எழுதியவர் மற்றும் படம் எடுத்தவர் பெயர், முதன்மைப் படம், கட்டுரை, பக்க எண். இவை இல்லாமல் ஃபீச்சர், அதாவது விரிவான சிறப்புக் கட்டுரை, இல்லை. பேட்டியிலிருந்து ஒரு வரியை எடுத்துப் பெரிதாகப் போடும் புல் கோட், கட்டுரையின் முதல் எழுத்தைப் பெரிதாக்கும் டிராப் கேப், உபதலைப்பு, படக்குறிப்பு, பெட்டிச் செய்தி எல்லாம் தேவைக்கு ஏற்ப வருபவை.

மதிப்பெண்ணுக்காகச் செய்கிறவர்கள் பட்டியலைப் பார்த்து எல்லாவற்றையும் திணிக்கிறார்கள். 600 சொல் கட்டுரையில் மூன்று புல் கோட், இரண்டு பெட்டி, நான்கு படம் போட்டால் கட்டுரைக்கு எங்கே இடம்? ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு வேலை இருக்கிறது. அந்த வேலை உங்கள் கட்டுரையில் இல்லை என்றால் அந்த உறுப்பும் வேண்டாம்.

எதைப் பெருசா போடறது, எதைச் சின்னதா போடறது? எல்லாமே முக்கியமாத்தானே தெரியுது?

பக்கத்தைப் புரட்டுகிறவர் உங்கள் ஸ்ப்ரெட்டை அரைநொடி பார்ப்பார். அந்த அரைநொடியில் ஒரே ஒரு விஷயம்தான் மண்டையில் ஏறும். அது பாடகரின் முகமா, தலைப்பா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். இரண்டையும் ஒரே பலத்தில் வைத்தால் இரண்டும் சண்டை போடும். முகம் ஜெயிக்க வேண்டும் என்றால் தலைப்பு ஒதுங்கிக்கொள்ளட்டும். தலைப்பு ஜெயிக்க வேண்டும் என்றால் படம் அமைதியானதாக இருக்கட்டும்.

என்னிடம் வரும் பக்கங்களில் பாதிக் குறை இங்கேதான் இருக்கிறது. எழுத்துரு சரியில்லை, நிறம் சரியில்லை என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். பார்த்தால் தலைப்பு 36 புள்ளி (எழுத்தின் அளவைச் சொல்லும் அலகு), புல் கோட் 30, லீட் 24. எல்லாம் நடுத்தர அளவு. தலைப்பை 90க்கு ஏற்றி, லீட்டை 16க்கு இறக்கினாலே பக்கம் மூச்சுவிட ஆரம்பிக்கும். சோதித்துப் பார்க்க ஒரு வழி: பக்கத்தை அச்சடித்துச் சுவரில் ஒட்டி, பத்தடி தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். எது முதலில் தெரிகிறது, எது இரண்டாவது என்று தயங்காமல் சொல்ல முடிய வேண்டும்.

தலைப்புல பாடகர் பேரையே போட்டா போதுமா?

எல்லோருக்கும் தெரிந்த பெயர் என்றால் போதும். அந்தப் பெயரே ஆளை நிறுத்திவிடும். அதிகம் தெரியாதவர் என்றால் பெயர் மட்டும் வேலை செய்யாது. பேட்டியில் அவர் சொன்ன ஒரு கூர்மையான வரியோ, கட்டுரையின் கதையைச் சொல்லும் நாலு சொல்லோ தலைப்பாகட்டும். அப்படி வைக்கும்போது பெயர் லீட்டில், அதுவும் முதல் வரியிலேயே, தடித்த எழுத்திலோ வேறு நிறத்திலோ வந்துவிட வேண்டும். முழு ஸ்ப்ரெட்டையும் பார்த்துவிட்டு 'இவர் யார்?' என்று கேட்கும் நிலை வந்தால் அது வடிவமைப்பின் தவறு.

லீட்டுக்கும் கட்டுரையோட முதல் பாராவுக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டுலயும் அதையேதான் எழுதறேன்.

லீட் என்பது வாசலில் நின்று கூப்பிடுவது. யார், ஏன் இப்போது இவரைப் பற்றி, படித்தால் என்ன கிடைக்கும் என்று 30 முதல் 50 சொற்களுக்குள் சொல்லிவிடும். பெரும்பாலும் எழுத்தாளரை விட்டு இதழின் குரலில் இருக்கும். எழுதியவர் பெயரும் படம் எடுத்தவர் பெயரும் அதன் கடைசியிலோ அடியிலோ வரும். முதல் பாரா கதைக்குள் நேராக இறங்கிவிட வேண்டும்: ஒத்திகை அறை, அறுந்த கம்பி, தாமதமாக வந்த டிரம்மர். லீட்டில் சொன்னதையே முதல் பாராவும் சொன்னால் வாசகர் ஒரே வாசலை இரண்டு தடவை தாண்டுகிறார்.

படம் இடது பக்கமா, வலது பக்கமா?

இடது பக்கம் முழுக்க படம், வலது பக்கம் தலைப்பும் கட்டுரையும் என்பது மிகப் பழகிப்போன அமைப்பு. கட்டுரை வலது பக்கத்தில் முடிந்தால் அடுத்த பக்கத்துக்கு விரல் தானாகப் போகும் என்பது ஒரு காரணம். இடமிருந்து வலமாகப் படிக்கும் கண்ணுக்கு முகம் முதலில், எழுத்து பிறகு என்ற வரிசை இயல்பாக அமைகிறது என்பது இன்னொன்று. விதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். படம் அகலமானதாக இருந்தால் இரண்டு பக்கத்திலும் விரித்துவிட்டு, வானமோ சுவரோ உள்ள வெற்றிடத்தில் தலைப்பை வைக்கலாம்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள்: படத்தில் இருப்பவர் எந்தப் பக்கம் பார்க்கிறார்? அவர் பார்வை கட்டுரையை நோக்கி இருந்தால் வாசகர் கண்ணும் அங்கே போகும். ஸ்ப்ரெட்டுக்கு வெளியே பார்த்தால் கண்ணும் வெளியே போய்விடும்.

பார்வை தப்பான பக்கம் இருந்தா, படத்தை ஃப்ளிப் பண்ணிடலாமா?

மற்ற இதழ்களில் வேண்டுமானால் தப்பித்துக்கொள்ளலாம். இசை இதழில் மாட்டிக்கொள்வீர்கள். வலக்கைக் கிதார்க்காரர் இடக்கைக்காரர் ஆகிவிடுவார். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் வலக்கைக் கிதாரைத் தலைகீழாகப் பிடித்து இடக்கையால் வாசித்தவர், பால் மெக்கார்ட்னியும் இடக்கைக்காரர். இதெல்லாம் இசை ரசிகர்களுக்கு மனப்பாடம். ஹெண்ட்ரிக்ஸ் படத்தைத் திருப்பிப் போட்டால் அன்றைக்கே வாசகர் கடிதம் வரும். வயலின் என்றால் இன்னும் மோசம். வில் வலது கையில் இருப்பதுதான் எல்லோரும் பார்த்துப் பழகியது. பியானோவில் கனத்த சுரங்கள் வலது பக்கம் போய்விடும். டி ஷர்ட்டில் எழுத்து, கையில் குத்திய பச்சை, வாட்ச் எல்லாம் காட்டிக்கொடுக்கும்.

படத்தைத் திருப்புவதைவிடப் பக்கத்தைத் திருப்புவது சுலபம். படத்தை வலதுக்கும் கட்டுரையை இடதுக்கும் மாற்றுங்கள்.

நடு மடிப்புல முகம் மாட்டிக்கிது. என்ன பண்ண?

இதில் நான் வாங்கிய அடி ஒன்று இருக்கிறது. நாலு பேர் கொண்ட குழு, வரிசையாக நிற்கிறார்கள். அகலமான படம், திரையில் பிரமாதமாக இருந்தது. இதழ் வந்தபோது பேஸ் கிதார் வாசிப்பவரின் மூக்கு மடிப்புக்குள் போய், இரண்டு கண்களும் ஒட்டிக்கொண்டு நின்றன. குழுவில் அதிகம் பேசப்படாதவர் அவர்தான், பாவம். அன்றிலிருந்து நான் வேலை தொடங்கும் முன் மடிப்பின் இரு புறமும் கோடு இழுத்துவைத்துவிடுகிறேன்.

எவ்வளவு தள்ளி என்பது பைண்டிங்கைப் பொறுத்தது. நடுவில் பின் அடித்த இதழ் ஓரளவு தட்டையாக விரியும். முதுகில் பசை போட்டு ஒட்டிய இதழ் முழுக்க விரியாது, உள் ஓரத்தை விழுங்கிவிடும். அதற்கு ஒவ்வொரு பக்கமும் குறைந்தது 10 மி.மீ. விட்டுவிடுங்கள். முகம், கை, கிதாரின் கழுத்தில் இருக்கும் விரல்கள், தலைப்பின் எழுத்துகள் எதுவும் அந்தப் பட்டைக்குள் வரக்கூடாது. தலைப்பு மடிப்பைத் தாண்டித்தான் ஓட வேண்டும் என்றால், இரண்டு சொற்களுக்கு இடையிலான இடைவெளி மடிப்பில் விழும்படி நகர்த்துங்கள்.

பின் அடித்த இதழில் நட்டநடுப் பக்கங்கள் மட்டுமே ஒரே தாளில் சேர்ந்து அச்சாகின்றன. மற்ற எல்லா ஸ்ப்ரெட்டிலும் இடது பக்கம் ஒரு தாள், வலது பக்கம் வேறு தாள். நிறம் லேசாக மாறலாம், கோடு ஒரு மி.மீ. ஏறி இறங்கலாம். அதனால் மடிப்பைக் கடக்கும் மெல்லிய கோடுகளையும் சரிந்த எழுத்துகளையும் தவிர்த்துவிடுங்கள். போஸ்டரை எப்போதும் நடுப்பக்கத்தில் வைப்பதற்கும் இதுதான் காரணம்.

ஒரு பக்கத்துக்கு எத்தனை பத்தி போடலாம்?

ஏ4 பக்கத்தில் மூன்று என்பது வழக்கம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 210 மி.மீ. அகலத்தில் இரு ஓரமும் 15 வீதம் கழித்தால் 180. பத்திகளுக்கு நடுவே 5 மி.மீ. வீதம் இரண்டு இடைவெளி போனால் 170. மூன்றால் வகுத்தால் பத்திக்கு 56 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல். படிக்க வசதியான அகலம். இரண்டு பத்தி என்றால் நிதானமான, நீண்ட கட்டுரையின் தோற்றம் வரும். நாலு பத்தி செய்திக்கும் இசைத்தட்டு விமர்சனத்துக்கும் பொருந்தும், ஃபீச்சருக்கு அவசரத் தொனியைக் கொடுத்துவிடும்.

தமிழில் நாலு பத்தி என்பது வீண் தலைவலி. நம் சொற்கள் நீளம். 'கேட்டுக்கொண்டிருந்தார்களாம்' என்று ஒரு சொல் வந்தால் வரி முழுவதையும் அதுவே எடுத்துக்கொள்ளும். வரியை இரண்டு ஓரத்துக்கும் சமமாக இழுத்துக் கட்டினால் சொற்களுக்கு நடுவே வெற்றிடம் ஆறாக ஓடும். மூன்று பத்தியில்கூட வலது ஓரத்தை ஒழுங்கின்றி விட்டுவிடுவது எனக்குப் பிடிக்கும்.

எழுத்து எத்தனை புள்ளி? ஆங்கில இதழ்ல 9ன்னு சொல்றாங்களே?

ஆங்கிலத்தில் 9 அல்லது 9.5, வரிக்கு வரி 11 அல்லது 12 என்பது பரவலான வழக்கம். தமிழுக்கு அப்படியே எடுக்க முடியாது. ஒரே 9 புள்ளியில் ஒரு தமிழ் எழுத்துரு பெரிதாகவும் இன்னொன்று பொடியாகவும் தெரியும். எண்ணை நம்பாமல் கண்ணை நம்புங்கள். வரி இடைவெளியில் மட்டும் தாராளம் காட்டுங்கள். மேலே 'கீ'யின் சுழியும் கீழே 'மூ'வின் வாலும் இருக்கின்றன. நெருக்கிப்போட்டால் மேல்வரியின் வால் கீழ்வரியின் சுழியைத் தொட்டுவிடும். நான் பெரும்பாலும் எழுத்து அளவில் 140 சதவீதத்திலிருந்து தொடங்கிக் கூட்டிக் குறைப்பேன்.

திரையில் பெரிதாக்கிப் பார்த்து அளவை முடிவு செய்யாதீர்கள். உண்மையான அளவில் அச்சடித்து, கையில் பிடித்துப் படித்துப் பாருங்கள்.

தமிழ்ல டிராப் கேப் வைக்கலாமா? எனக்கு எழுத்து உடைஞ்சு வருது.

வைக்கலாம். ஆனால் எந்த எழுத்தில் கட்டுரை தொடங்குகிறது என்பதைப் பொறுத்து. நமக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பிரிவு கிடையாது. டிராப் கேப் என்பது அதே எழுத்தைப் பெரிதாக்குவதுதான். 'கொ', 'கெ', 'கை' போன்றவற்றில் கொம்போ இணைக்கொம்போ முன்னால் நிற்கிறது. பழைய தட்டச்சு எழுத்துருக்களில் கொம்பு ஒரு தனி எழுத்தாகவே பதிவாகும். ஒரு எழுத்தைப் பெரிதாக்கு என்று மென்பொருளிடம் சொன்னால் அது கொம்பை மட்டும் பெரிதாக்கிவிட்டு 'க'வை அடுத்த வரியோடு விட்டுவிடும். யூனிகோட் எழுத்துருவிலும் மென்பொருள் இந்திய எழுத்துகளைச் சரியாகக் கையாளும் அமைப்பில் இல்லையென்றால் எழுத்து உடையும். 'கு', 'மூ' போல வால் கீழே இறங்குபவை அடுத்த வரியில் போய் இடிக்கும்.

சுலபமான தீர்வு, எழுதியவரிடம் கேட்டு முதல் வாக்கியத்தை மாற்றிக்கொள்வது. 'அ', 'ம', 'ப', 'வ' என்று தொடங்கினால் டிராப் கேப் சமர்த்தாக உட்காரும். மாற்ற முடியாது என்றால் முதல் நாலைந்து சொற்களைத் தடித்த எழுத்தில் போட்டு விட்டுவிடுங்கள். தொடக்கம் எங்கே என்று காட்டுவதுதான் டிராப் கேப்பின் வேலை. அதை இதுவும் செய்யும்.

புல் கோட்டுக்கு எந்த வரியை எடுக்கறது? கட்டுரையில இல்லாத வரியைப் போடலாமா?

கூடாது. கட்டுரைக்குள் இருக்கும் வரியாகத்தான் இருக்க வேண்டும். அதைத் தேடித்தான் வாசகர் உள்ளே வருகிறார். நடுவில் ஒரு சொல்லைக் கத்தரிக்கலாம், அர்த்தம் மாறக்கூடாது. கலைஞர் சொல்லாததை அவர் வாயில் 24 புள்ளியில் திணிப்பது பேட்டி கொடுத்தவருக்குச் செய்யும் துரோகம்.

நீளம் 20 சொல்லுக்குள். 'இந்த ஆல்பம் நன்றாக வந்திருக்கிறது' மாதிரி யார் வேண்டுமானாலும் சொல்லக்கூடிய வரி வேண்டாம். அந்த ஆள் மட்டுமே சொல்லியிருக்கக்கூடிய வரியைப் பிடியுங்கள். அதே வரி கட்டுரையில் எந்த இடத்தில் வருகிறதோ அதன் பக்கத்திலேயே வைக்காதீர்கள், எதிரொலி மாதிரி இருக்கும். குழுவில் நாலு பேர் பேசியிருந்தால் சொன்னவர் பெயரை அடியில் போடுங்கள்.

பேட்டியைக் கேள்வி பதிலாவே போடணும்னா எப்படி அமைக்கிறது?

கேள்வி தடித்த எழுத்தில், பதில் சாதாரண எழுத்தில். நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் இதே முறைதான். ஒவ்வொரு கேள்விக்கும் மேலே அரை வரி இடம் விடுங்கள், கீழே விடாதீர்கள். கேள்வி தன் பதிலோடு ஒட்டியிருக்க வேண்டும். பத்தியின் கடைசி வரியில் கேள்வி தனியாகத் தொங்கி, பதில் அடுத்த பத்தியில் தொடங்குவது அசிங்கம். பலர் பதில் சொல்லும் பேட்டியில் பெயரைப் போட்டே பிரியுங்கள். நிறத்தை மட்டும் வைத்துப் பிரித்தால் நிறக்குருடு உள்ளவர்களுக்கு எல்லாம் ஒரே ஆள் பேசுவது போலிருக்கும்.

மேடைப் படம் போடவா, ஸ்டூடியோ படம் போடவா?

முதல் ஸ்ப்ரெட்டுக்கு, முடிந்தால், இதற்காகவே எடுத்த படம். பெரிய கச்சேரிகளில் புகைப்படக்காரர்களுக்கு முதல் மூன்று பாட்டு, ஃப்ளாஷ் இல்லாமல் என்பது எழுதப்படாத விதி மாதிரி ஆகிவிட்டது. எல்லோரும் ஒரே இடத்தில் நின்று, ஒரே வெளிச்சத்தில் எடுக்கிறார்கள். மைக் வாயை மறைக்கிறது. உங்கள் படம் மற்ற இதழ்களின் படம் மாதிரியே இருக்கும். உள்பக்கங்களில் இது பரவாயில்லை, கட்டுரைக்கு வேகம் கொடுக்கும்.

மேடை விளக்கின் ஆழ்ந்த நீலமும் ஊதாவும் திரையில் ஜொலிக்கும். அச்சின் நாலு மையில் அந்த நிறமே கிடையாது, மங்கித்தான் விழும். முன்கூட்டியே சிஎம்ஒய்கேக்கு, அதாவது அந்த நாலு மையின் நிற முறைக்கு, மாற்றிப் பார்த்துவிடுங்கள். அப்புறம் தெளிவுத்திறன். ஸ்ப்ரெட் முழுக்க ஒரே படம் என்றால், சுற்றிலும் 3 மி.மீ. வெட்டு ஓரம் (அச்சான பிறகு வெட்டிப்போகும் பகுதி) சேர்த்து 426க்கு 303 மி.மீ. அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும் என்றால் சுமார் 5030க்கு 3580 பிக்சல், அதாவது 18 மெகாபிக்சல். சமூக வலைத்தளத்திலிருந்து இறக்கிய படம் கால் பக்கத்தைத் தாங்கினாலே பெரிது. அனுமதி வாங்குவது தனி விஷயம், அதுவும் வேண்டும்.

மெட்டல்னா கறுப்பு சிவப்பு, பாப்னா ரோஸ்னு நிறம் போடறாங்களே, அப்படித்தான் போடணுமா?

அந்த வழக்கத்துக்கு வரலாறு இருக்கிறது. 1978இல் தொடங்கிய 'ஸ்மாஷ் ஹிட்ஸ்' இதழ் பாப் ரசிகர்களுக்காகப் பாட்டு வரிகளைப் பளிச்சென்ற நிறங்களில் அச்சிட்டது. 1981இல் வந்த 'கெராங்!' இதழ் கனத்த ராக் ஒலியை உடைந்த எழுத்துகளில் காட்டியது. வாசகர் கடையில் தூரத்திலிருந்து பார்த்தே 'இது என் இசை' என்று கண்டுபிடிக்க அது உதவியது. ஆனால் ஸ்ப்ரெட்டுக்கு வந்த பிறகு அவர் ஏற்கெனவே உங்கள் இதழுக்குள் இருக்கிறார். அங்கே திரும்பவும் அடையாளம் சொல்ல வேண்டியதில்லை.

நான் நிறத்தைப் படத்திலிருந்தே எடுப்பேன். பாடகியின் மேலாடையில் கடுகு மஞ்சள் இருந்தால் தலைப்பின் ஒரு சொல்லுக்கும் டிராப் கேப்புக்கும் அதே மஞ்சள். கறுப்பு, வெள்ளை தவிர இரண்டு நிறம் போதும்.

கறுப்பு பின்னணியில வெள்ளை எழுத்து சூப்பரா இருக்கே, முழுக் கட்டுரையையும் அப்படிப் போடலாமா?

திரையில் சூப்பர்தான். அச்சில் கறுப்பு மை நாலா பக்கமும் கொஞ்சம் பரவும், வெள்ளை எழுத்தின் மெல்லிய கோடுகளைத் தின்றுவிடும். கறுப்பை அடர்த்தியாகக் காட்ட நாலு மையையும் கலந்திருந்தால், ஒரு மை இம்மி நகர்ந்தாலும் எழுத்தின் ஓரத்தில் நிறம் கசியும். தலைப்பு, லீட், புல் கோட் ஆகியவற்றுக்குப் பயமில்லாமல் போடுங்கள். கட்டுரையையே அப்படிப் போட வேண்டும் என்றால் எழுத்தை ஒரு புள்ளி கூட்டி, கொஞ்சம் தடித்த, கோடுகள் சம கனமாக இருக்கும் எழுத்துருவை எடுங்கள். எழுத்துக்குப் பின்னால் உள்ள கறுப்பு ஒற்றை மையாக இருக்கட்டும். ஒரு பக்கத்துக்கு மேல் தாங்காது என்பது என் அனுபவம்.

காலி இடம் விட்டா 'ஏன் வீணடிக்கிற'ன்னு ஆசிரியர் கேக்கறார். என்ன சொல்ல?

இசை தெரிந்த ஆசிரியர் என்றால், இரண்டு அடிக்கு நடுவே இருக்கும் நிறுத்தத்தை வீண் என்று சொல்வாரா என்று கேளுங்கள். அது எடுபடாவிட்டால் உதாரணம் காட்டுங்கள். 1987இல் 'ரோலிங் ஸ்டோன்' இதழின் கலை இயக்குநராகச் சேர்ந்த ஃபிரெட் உட்வர்ட் செய்த தொடக்க ஸ்ப்ரெட்டுகளைத் தேடிப் பாருங்கள். ஒரு பக்கம் முழுப் படம், எதிர்ப்பக்கம் முழுக்க எழுத்து விளையாட்டு. பல சமயம் அந்தப் பக்கத்தில் தலைப்பும் ஒரு சின்ன பாராவும்தான் இருக்கும். மீதி வெற்றிடம், சுற்றிலும் தடித்ததும் மெல்லியதுமான இரட்டைக் கோட்டுச் சட்டம். அந்தச் சட்டம் இல்லாமல் அவ்வளவு வெற்றிடமும் சிதறிப்போயிருக்கும்.

ஆனால் காலி இடம் ஒரே இடத்தில் சேர்ந்திருக்க வேண்டும். நாலு மூலையிலும் துண்டு துண்டாக இருந்தால் ஆசிரியர் சொல்வதுதான் சரி.

ஏதாவது ஒரு பெரிய இதழைப் பார்த்து அப்படியே பண்ணலாமா?

பயிற்சிக்குத் தாராளமாக. ஸ்கேலை எடுத்து ஓரம், பத்தி அகலம், தலைப்பின் உயரம், வரி இடைவெளி எல்லாவற்றையும் அளந்து எழுதுங்கள். ஒரே இதழில் மூன்று ஃபீச்சரை அளந்தால் எது மாறுகிறது, எது மாறவில்லை என்று தெரியும். மாறாதது இதழின் முகம், மாறுவது அந்தக் கட்டுரையின் முகம். மொத்தப் பக்கத்தையும் பார்த்து 'நல்லா இருக்கு' என்று சொல்வதைவிட இது பத்து மடங்கு கற்றுத்தரும்.

எந்த இதழை எடுக்கிறீர்கள் என்பதும் முக்கியம். 1993இல் தொடங்கிய 'மோஜோ' பழைய இசை வரலாற்றை நீளமாக எழுதும் இதழ், அதன் பக்கங்கள் அடர்த்தியானவை. உங்களிடம் 500 சொல் பேட்டி இருந்தால் அந்தச் சட்டை உங்களுக்குத் தொளதொளவென்று இருக்கும்.

'ரே கன்' எல்லா விதியையும் உடைச்சதே! நாங்க மட்டும் ஏன் இதையெல்லாம் கடைப்பிடிக்கணும்?

இந்தக் கேள்வி வராத வருடமே இல்லை. 1992இல் தொடங்கிய அந்த அமெரிக்க இசை இதழில் அதன் கலை இயக்குநர் டேவிட் கார்சன் பத்திகளை மோதவிட்டார், எழுத்தின் மேல் எழுத்தை ஏற்றினார். 1994இல் பாடகர் பிரையன் ஃபெர்ரியின் பேட்டி கார்சனுக்குச் சலிப்பூட்டியதால், முழுவதையும் எழுத்துகளுக்குப் பதில் குறியீடுகளே உள்ள ஸாஃப் டிங்பேட்ஸ் எழுத்துருவில் அடுக்கிவிட்டார். ஒரு சொல்கூடப் படிக்க முடியாது. இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பாதியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதே இதழின் பின்பகுதியில் அந்தப் பேட்டி படிக்கக்கூடிய எழுத்தில் இருந்தது.

இன்னொரு உதாரணம், 'தி ஃபேஸ்' என்ற பிரிட்டிஷ் இதழில் 80களில் அதன் வடிவமைப்பாளர் நெவில் பிராடி செய்தது. உள்ளடக்கப் பக்கத்தின் தலைப்புச் சொல்லை ஒவ்வோர் இதழிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைத்துக்கொண்டே போனார். கடைசியில் அது வெறும் வடிவமாக நின்றது. முந்தைய இதழ்களைப் பார்த்த வாசகருக்கு அது என்னவென்று தெரியும். நீங்கள் முதல் இதழிலேயே கடைசிக் கட்டத்துக்குப் போனால் யாருக்குத் தெரியும்? என் ஆலோசனை: ஒரு ஸ்ப்ரெட்டில் ஒரு விதியை உடையுங்கள். மற்றதெல்லாம் ஒழுங்காக இருந்தால்தான் உடைத்தது தெரியும். தவறிப்போய் உடைந்த மாதிரியும் இருக்காது.

ஆல்பம் பட்டியலைப் பெட்டிச் செய்தியா எங்க வைக்கிறது?

வலது பக்கத்தின் வெளி ஓரத்தில், ஒரு பத்தி அகலத்தில், லேசான பின்னணி நிறத்தோடு. கட்டுரையின் ஓட்டத்தை நடுவில் வெட்டாமல் இருந்தால் சரி. ஆல்பம் அட்டைகள் சதுரம்தான். அவற்றை வெட்டாதீர்கள், வட்டமாக்காதீர்கள், மேலே எழுத்து போடாதீர்கள்.

கட்டுரை நாலு பக்கம் போகுது. ரெண்டாவது ஸ்ப்ரெட்டும் முதல் ஸ்ப்ரெட் மாதிரியே இருக்கணுமா?

எழுத்துரு, நிறம், பத்தி அகலம் மூன்றும் அப்படியே தொடரட்டும். குரலை மட்டும் இறக்குங்கள். தொடக்க ஸ்ப்ரெட் கூப்பிடுவதற்கு, அடுத்தது உட்கார்ந்து படிப்பதற்கு. இரண்டாவதிலும் 90 புள்ளியில் எதையாவது போட்டால் புதுக் கட்டுரை தொடங்கிவிட்டது என்று வாசகர் நினைத்துவிடுவார். மேலே சொன்ன மேடைப் படங்கள், புல் கோட், ஆல்பம் பெட்டி எல்லாவற்றுக்கும் இங்கே இடம் கிடைக்கும். கட்டுரை முடியும் இடத்தில் ஒரு சின்னக் குறி வையுங்கள், சதுரமோ இதழின் சின்னமோ.

அச்சுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி கடைசியா எதைப் பார்க்கணும்?

ஓரம் வரை போகும் படங்கள் எல்லாம் வெட்டுக் கோட்டைத் தாண்டி 3 மி.மீ. நீள்கின்றனவா, படங்கள் சிஎம்ஒய்கேயில் இருக்கின்றனவா, எழுத்துருக்கள் பிடிஎஃப்புக்குள் பதிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஸ்ப்ரெட்டாக வடிவமைத்தாலும், அச்சகம் வேறு மாதிரி கேட்காத வரை, தனித்தனிப் பக்கமாகத்தான் கொடுக்க வேண்டும். மடிப்பு விஷயத்தில் சொன்ன மாதிரி இரண்டு பக்கமும் வேறு வேறு தாளில் அச்சாகலாம். பக்கங்களை எப்படி அடுக்குவது என்பதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

அப்புறம் இரண்டு பக்கத்தையும் அச்சடித்து, நடுவில் டேப் ஒட்டி, மடித்து, விரித்துப் பாருங்கள். கடைசியாகத் தலைப்பை எழுத்து எழுத்தாக வாய்விட்டுப் படியுங்கள். கட்டுரையை மூன்று பேர் திருத்தியிருப்பார்கள், 90 புள்ளியில் இருக்கும் பாடகர் பெயரை ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள்.